பூட்ஸ் புதிது, கோட்டு பழையதானாலும் சரி: டொராண்டோவின் முதல் குளிர்காலத்துக்கு எதை வாங்குவது?

டொராண்டோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். அறுநூறு டாலருக்கு ஒரு பெரிய கோட்டு, கையில் மிஞ்சிய நாற்பது டாலருக்கு ஏதோ ஒரு பூட்ஸ். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். கோட்டு சுமாராக இருந்தால் உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டுச் சமாளித்துவிடலாம். பூட்ஸ் வழுக்கினால் மணிக்கட்டு முறியும், வேலைக்குப் போக முடியாது, வந்த புதிதில் அதைவிடப் பெரிய செலவு வேறு இல்லை. ஆளுக்கு 400 முதல் 500 கனடிய டாலர் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பார்ப்போம். விலையெல்லாம் தோராயம்தான். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பில்லில் 13 சதவீத வரி தனியாக ஏறும், அதை மறக்க வேண்டாம்.

எந்தக் குளிருக்கு வாங்குகிறோம்?

கனடா என்றாலே மைனஸ் 40 என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 16 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே அந்தப் பயம் நியாயம். மான்ட்ரியலில் மைனஸ் 10 அளவு, ஆனால் ஒரு பருவத்தில் 2 மீட்டருக்கு மேல் பனி கொட்டும். டொராண்டோவில் ஜனவரிச் சராசரி மைனஸ் 4, 5 டிகிரிதான், பனி ஏறத்தாழ ஒரு மீட்டர். சில இரவுகள் மைனஸ் 20-ஐத் தொடும், அவ்வளவே. வான்கூவரில் மழைக்கோட்டுதான் முதல் தேவை.

டொராண்டோவின் தொல்லை வேறு. வெப்பநிலை பூஜ்ஜியத்தைச் சுற்றியே ஏறி இறங்கும். பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக இறுகும். நடைபாதையில் கொட்டும் உப்பு பனியைச் சேறாக்கும்; அந்த ஸ்லஷ் கணுக்கால்வரை நனைக்கும். ஆகவே இங்கே சமாளிக்க வேண்டியவை மூன்று: ஈரம், வழுக்கல், காற்று.

காற்றுக்கு ஒரு கணக்கு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். வானிலை அறிக்கையில் 'விண்ட் சில்' என்று சொல்வது இதைத்தான். காலையில் பார்க்க வேண்டிய எண்ணும் அதுதான். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். தோல் வெளுப்பதுதான் முதல் அறிகுறி என்று புத்தகங்கள் சொல்லும். நம்மைப் போன்ற கருந்தோலில் அது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மரத்துப்போவது, தொட்டால் மெழுகுபோல் கெட்டியாக இருப்பது, இவற்றை நம்புங்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது; உள்ளே போய் அக்குளிலோ வெதுவெதுப்பான நீரிலோ வைத்துச் சூடேற்ற வேண்டும்.

ஊரிலேயே வாங்குவதா, வந்து வாங்குவதா?

கோட்டும் பூட்ஸும் வந்துதான் வாங்க வேண்டும். சென்னைக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இமயமலைச் சுற்றுலாவுக்கும் ஊட்டிக் குளிருக்கும் ஆனவை. போட்டுப் பார்க்கும்போது 32 டிகிரி வெயிலில் எல்லாமே கதகதப்பாகத்தான் இருக்கும். தவிர, ஒரு ஜோடி பனி பூட்ஸ் 2 கிலோ எடை வரும்; 23 கிலோ பெட்டியில் அந்த இடத்துக்கு வேறு எவ்வளவோ கொண்டுவரலாம்.

கொண்டுவரத் தக்கவை: உள்ளாடையாகப் போடும் தெர்மல் இரண்டு செட், ஊட்டி ஸ்வெட்டர் ஒன்று, கம்பளிக் காலுறை. தெர்மலில் துணி என்ன என்று லேபிளைப் பாருங்கள். ஊரில் விற்பவை பெரும்பாலும் பருத்தி கலந்தவை. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பஸ்ஸுக்கு ஓடி வியர்த்தபின் நிறுத்தத்தில் நின்றால் முதுகு சில்லிட்டுவிடும். பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ நல்லது. இன்னொன்று, கேலி செய்வார்கள் என்று மங்கி கேப்பை விட்டுவிட்டு வராதீர்கள். இதே குல்லாயை இங்கே 'பாலக்ளாவா' என்று முப்பது டாலருக்கு விற்கிறார்கள்.

ஜனவரியில் வந்திறங்குகிறவர்கள் மட்டும், விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேரும்வரை தாங்கும் ஒரு பஞ்சு ஜாக்கெட்டும் குல்லாயும் கைப்பையில் வைத்திருந்தால் போதும். செப்டம்பரில் வருபவர்களுக்கு அவகாசம் உண்டு. பூட்ஸை அக்டோபரிலேயே வாங்கிவிட வேண்டும். முதல் பனி விழுந்த வாரத்தில் நடுத்தர அளவுகள் எல்லாம் தீர்ந்துவிடும். கோட்டுக்கு நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிவரை காத்திருக்கலாம், கடுங்குளிர் ஜனவரியில்தான்.

கோட்டு: இறகா, செயற்கைப் பஞ்சா, அடுக்குகளா?

மூன்று வழிகள் உள்ளன. யார் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு.

முதலாவது டவுன் எனப்படும் வாத்திறகுக் கோட்டு. எடைக்கு எடை பார்த்தால் இதைவிடச் சூடானது இல்லை. விற்பனைச் சீட்டில் 600, 700, 800 என்று ஒரு எண் இருக்கும். ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதன் அளவு அது. எண் பெரிதானால் கோட்டு சூடானது என்று நினைத்துவிடுகிறார்கள். அது இறகின் தரம் மட்டுமே. உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் பாதிக் கதை, அதைப் பல கம்பெனிகள் சொல்வதே இல்லை. 800 தரத்தில் 100 கிராம் அடைத்த மெல்லிய ஜாக்கெட்டைவிட 600 தரத்தில் 250 கிராம் அடைத்த கோட்டு சூடானது. 'மைனஸ் 30 வரை' என்ற லேபிளையும் அப்படியே நம்ப வேண்டாம். கடைக் கோட்டுகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது.

இறகின் பலவீனம் ஈரம். நனைந்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், காற்றைப் பிடித்து வைக்க முடியாது, சூடும் போய்விடும். டொராண்டோவில் பனிக்குப் பதில் மழையும் பனியும் கலந்து கொட்டும் நாட்கள் நிறைய. எனவே இறகு வாங்கினால் மேல்துணி நீர் ஒட்டாததாக இருக்க வேண்டும். துவைப்பதும் தனி வேலை. இறகுக்கென்று விற்கும் சோப்பில் முன்பக்கம் திறக்கும் மெஷினில் துவைத்து, இரண்டுமுறை அலசி, டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு இரண்டு மூன்று மணி நேரம் சுழற்ற வேண்டும். பந்துகள் அடித்து அடித்துக் கட்டிகளை உடைக்கும். அவசரப்பட்டுப் பாதி ஈரத்தில் அலமாரியில் மாட்டினால் வீச்சம் வந்துவிடும். பிறகு அது போகாது.

இரண்டாவது பாலியஸ்டர் பஞ்சு அடைத்த கோட்டு. கொஞ்சம் பருமன், கொஞ்சம் கனம், சில வருடங்களில் பஞ்சு அமுங்கிச் சூடு குறையும். ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், வீட்டு மெஷினில் துவைக்கலாம், 150 முதல் 250 டாலருக்குக் கிடைக்கும். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் குடியிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒருவருக்கு இதுதான் எங்கள் பரிந்துரை. 2023 ஜூலையில் ஸ்கார்பரோ ஆர்டி ரயில் நின்றுபோன பிறகு அந்தப் பக்கத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்பது இன்னும் கூடியிருக்கிறது. அசையாமல் நிற்கும்போதுதான் கோட்டின் யோக்கியதை தெரியும்.

மூன்றாவது அடுக்குமுறை: உடலோடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற பாலியஸ்டர் சட்டை, அதன்மேல் காற்றும் நீரும் புகாத மெல்லிய வெளிச்சட்டை. ஃப்ளீஸையும் வெளிச்சட்டையையும் ஜிப்பில் இணைத்து 'த்ரீ இன் ஒன்' என்றும் விற்கிறார்கள். இதன் பலம், வெளிச்சட்டை ஏப்ரல் மழைக்கும் ஃப்ளீஸ் அக்டோபருக்கும் தனித்தனியாக உதவும். சப்வேயிலும் அலுவலகத்திலும் 21, 22 டிகிரி இருக்கும். பெரிய கோட்டோடு உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் வியர்த்து, அதே வியர்வையோடு வெளியே வர நேரும். அடுக்காகப் போட்டவர் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். சப்வே அருகே குடியிருந்து டவுன்டவுனில் வேலை என்றால், 30 கிலோமீட்டர் நீளமுள்ள பாத் என்ற நிலத்தடி நடைபாதைகள் வேறு இருக்கின்றன, அவர்களுக்கு இது தாராளம். மைனஸ் 15-க்குக் கீழே இருபது நிமிடம் நிற்க வேண்டியவருக்குப் போதாது.

வின்னிபெக், எட்மன்டன் போகிறவர்கள் இந்த விவாதத்துக்குள் வர வேண்டாம். கெட்டியான இறகுக் கோட்டையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் கடையில் பார்க்க வேண்டியவை: தொடையின் பாதிவரை நீளம், ஜிப்பின் மேல் காற்றை மறிக்கும் மடிப்பு, பஸ்ஸில் உட்கார வசதியாகக் கீழிருந்தும் திறக்கும் ஜிப், மணிக்கட்டை இறுக்கும் உள்கை, முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும் தலைமூடி. ஸ்வெட்டரோடு போட்டு, கையைத் தலைக்குமேல் தூக்கி, உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு தெரிந்தால் ஒரு அளவு பெரிது எடுங்கள்.

கோட்டைப் பழையதாக வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. வேல்யூ வில்லேஜ் போன்ற கடைகளில் நல்ல கோட்டுகள் புது விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். ஜிப்பை மேலும் கீழும் பத்துமுறை இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் ஜிப் மாற்றும் கூலி கோட்டு விலைக்கு நெருங்கிவிடும். இறகுக் கோட்டானால் கையில் கசக்கி விட்டுப் பாருங்கள்: சில விநாடிகளில் மறுபடி உப்ப வேண்டும். கட்டி தட்டுப்பட்டாலோ மூக்கில் வாடை ஏறினாலோ வைத்துவிடுங்கள்.

பூட்ஸ்: இங்கேதான் பணம் போட வேண்டும்

பழைய கோட்டு சரி, பழைய பூட்ஸ் கூடாது. ரப்பர் வயதாக ஆக இறுகும். இறுகிய ரப்பர் ஐஸைப் பிடிக்காது. பார்வைக்குப் புதிதுபோலிருக்கும் ஐந்து வருடப் பூட்ஸ் அடி கல்லாகியிருக்கலாம். புதிதாக வாங்கும்போதும் இதையே சோதியுங்கள்: கட்டைவிரல் நகத்தால் அடியை அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். ஆழமான வெட்டுகள் இருந்தால் வழுக்காது என்பது பொய். ஆழம் தளர்ந்த பனிக்கு உதவும். வழவழப்பான ஐஸில் உதவுவது அடிப்பொருளின் மென்மையும், அதில் கலந்திருக்கும் சொரசொரப்பான துகள்களும்தான்.

டொராண்டோவில் கைட் ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு குளிர் ஆய்வுக்கூடம் உண்டு. ஐஸ் தரையில் ஆட்களை நடக்கவிட்டு, தரையை ஒவ்வொரு டிகிரியாகச் சாய்த்து, எப்போது வழுக்குகிறது என்று பார்க்கிறார்கள். 7 டிகிரி சாய்வைத் தாங்கினால் தேர்ச்சி. 2016-இல் முதன்முதலாக முடிவுகளை வெளியிட்டபோது கடைகளில் விற்ற பூட்ஸில் மிகப் பெரும்பாலானவை தேறவில்லை. தேறியவற்றில் வைப்ரம் ஆர்க்டிக் கிரிப், கிரீன் டைமண்ட் என்ற கலவை அடிகள் முன்னணியில் இருந்தன. 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்ற அவர்களுடைய பட்டியலைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டே கடைக்குப் போவது நல்லது. விலைக்கும் பிடிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

வகைகளுக்கு வருவோம். கீழே ரப்பர், மேலே தோலோ நைலானோ, உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை கொண்ட உயரமான பூட்ஸ் ஒரு வகை. முழங்கால் பனியிலும், கட்டட வேலை அல்லது பாதுகாவல் பணியில் மணிக்கணக்காக வெளியே நிற்பதற்கும் இதற்கு மிஞ்சியது இல்லை. உப்பு ரப்பரை ஒன்றும் செய்யாது. ஆனால் கனம், மாலில் ஒரு மணி நேரம் நடந்தால் பாதம் புழுங்கும். ஒவ்வோர் இரவும் உறையை உருவிக் காயவைக்க வேண்டும். விட்டால் மறுநாள் அந்த ஈரமே காலைக் குளிரவைக்கும்.

கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும், நீர் புகாத, 200 முதல் 400 கிராம் காப்புப் பொருள் வைத்த பூட்ஸ் இரண்டாவது வகை. இந்தக் கிராம் கணக்கு பூட்ஸின் எடை அல்ல, ஒரு சதுர மீட்டர் காப்புத் துணியின் எடை. பஸ், சப்வே, அலுவலகம், கடை என்று சுற்றுகிறவருக்கு இதுதான். 130 முதல் 180 டாலர் ஒதுக்குங்கள். தோலாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைக்க வேண்டும். வெள்ளைக் கோடு படிந்துவிட்டால் தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்து துடைத்து, பிறகு தோல் பாலிஷ் போட வேண்டும். ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டு விடும்.

மூன்றாவது, சாதாரண ஷூவின் மேல் மாட்டும் இரும்பு முள் பட்டை. இருபது முப்பது டாலர்தான். ஐஸில் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் அதோடு சப்வே நிலையத்தின் வழவழப்பான தரையில் கால் வைத்தால் சறுக்கி விழுவீர்கள். வாசலில் குனிந்து கழற்றும் பொறுமை இருப்பவர்களுக்கு, மழை உறைந்து ஐஸாகும் நாட்களுக்கான கூடுதல் பொருளாக இது நல்லது. பூட்ஸுக்கு மாற்று அல்ல.

அளவு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சரியான அளவு பூட்ஸ் எடுத்து, குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை திணிக்கிறார்கள். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் முன்னைவிடக் குளிரும். அரை அளவு பெரிதாக எடுத்து, ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை. விரல்களை உள்ளே ஆட்ட முடிய வேண்டும். மாலையில் போய் அந்தக் காலுறையோடே போட்டுப் பாருங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும்.

எவ்வளவு நல்ல பூட்ஸானாலும் நடை மாற வேண்டும். சின்னச் சின்ன அடி, பாதம் முழுவதும் தரையில் படிய, கைகள் பாக்கெட்டுக்கு வெளியே. உப்புப் போட்டிருக்கிறார்களே என்று தைரியம் வேண்டாம். மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது.

மிச்சப் பணத்தில் கையுறை. ஐந்து விரல் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் 'மிட்' சூடானது. கைபேசி பார்க்க ஒரு மெல்லிய உறை உள்ளே போட்டுக்கொள்ளலாம்.

கார் வைத்திருந்தால்: மூன்று வகை டயர்

முதல் குளிர்காலத்தில் கார் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான், காப்பீட்டுக் கட்டணத்தைக் கேட்ட பிறகு பலருக்கு அது எளிதாகவும் தோன்றும். வாங்கினால், டயர் முடிவைத் தள்ளிப்போட முடியாது.

காரோடு வருவது ஆல் சீசன் டயர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: சுமார் 7 டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் இறுகத் தொடங்கும், பனியே இல்லாத சாலையிலும் பிரேக் தூரம் கூடும். விண்டர் டயர் குளிரிலும் மென்மையாக இருக்கும் ரப்பர். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் பனித்துகளும் கொண்ட முத்திரை இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஆல் வெதர் என்று ஒன்று உண்டு, அதே முத்திரையோடு, வருடம் முழுவதும் ஓட்டலாம்.

நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர், டயர் அடுக்கி வைக்க இடமில்லாத பேஸ்மென்ட் குடியிருப்பாளர், ஆல் வெதர் போதும். அதிகாலை ஷிப்டுக்கு 401 நெடுஞ்சாலையில் போகிறவர், டொராண்டோவுக்கு வடக்கே பாரி நகரத்துப் பக்கம் வேலை என்பவர், விண்டர் டயரே போட வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். நான்கையும் மாற்றுங்கள். முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சுழற்றிவிடும். தனி ரிம்மில் பொருத்தி வாங்கினால் முதலில் செலவு கூடும், வருடத்துக்கு இரண்டுமுறை மாற்றும் கூலி குறையும்.

வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் டயர் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். டிசம்பரில் எச்சரிக்கை விளக்கு எரிவது பெரும்பாலும் பஞ்சர் அல்ல. கண்ணாடி கழுவும் தொட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மைனஸ் 40 என்று எழுதிய நீலத் திரவம் மட்டும். பெரும்பனிக்குப் பிறகு இன்ஜினை ஓடவிடும் முன் புகைக்குழாய் வாயிலில் உள்ள பனியை அள்ளிவிட வேண்டும். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும்.

பிள்ளைகளுக்கு

நடக்கப் பழகும் குழந்தைக்கு மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒற்றைப் பனி உடுப்பு. பள்ளி போகும் பிள்ளைக்கு ஜாக்கெட்டும் ஸ்னோ பேன்ட்டும் தனித்தனியாக, ஏனென்றால் கழிப்பறைக்குத் தானே கழற்ற வேண்டும். மிகக் கடுங்குளிர் நாள் தவிர இடைவேளைக்கு வெளியேதான் அனுப்புவார்கள், எனவே நீர் புகாத மிட் இரண்டு ஜோடி, இரண்டிலும் பெயர் எழுதி. மஃப்ளர் விளையாட்டில் சிக்கிக் கழுத்தை இறுக்கலாம். தலைவழியே மாட்டும் கழுத்துறை வாங்குங்கள். குழந்தைகள் அளவு உடுப்புக்கு வரி 13 அல்ல, 5 சதவீதம்தான், பில்லைச் சரிபாருங்கள். ஒரே வருடத்தில் சிறிதாகிவிடுவதால் பிள்ளைகளின் ஜாக்கெட்டைப் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

கார் இருக்கையில் உட்காரவைக்கும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிட வேண்டும். மோதலில் கோட்டின் பஞ்சு அமுங்கி, பெல்ட் தளர்ந்து, குழந்தை நழுவும். ஃப்ளீஸோடு உட்காரவைத்து, தோளருகே பெல்ட்டை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். பிறகு கோட்டைத் திருப்பி, முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, பெல்ட்டின் மேலே போர்த்திவிடுங்கள்.